பதினாறாவது குழியில் ஒரு சாண்

செவுத்துல தொங்கற அந்தப் போட்டோவுல தொப்பி போட்டுட்டு, கோப்பையைப் புடிச்சுட்டு நிக்கறது மருதாசலமுங்க. பக்கத்துல பாதித் தோளும் ஒரு பை வாரும் தெரியுதுல்லீங்க, அந்தத் தோளு என்றதுங்க. சட்டம் போட்டவன் அளவுக்கு வெட்டிப்போட்டானாமா. ஆறுச்சாமிய முழுசா வெச்சா சட்டம் பத்தாதாமா. சரி உடுங்க. பையக் குடுங்க சார், நான் தூக்கறேன். நம்ம கோல்ஃப் கிளப்பு மெம்பரு நேத்தே சொல்லிப்போட்டாரு, "சென்னைல இருந்து என்ற சிநேகிதரு வர்றாரு, தனியாத்தான் ஆடுவாரு, நீ கூடப் போ ஆறுச்சாமி"ன்னு.

செருப்ப இப்படி ஓரமாக் கழட்டி வெச்சர்றனுங்க. வெறுங்காலுதான் நமக்குத் தோது. எங்க முள்ளு, எங்க ஈரம், பந்து எங்க போய் நிக்கும், எல்லாத்தையும் காலு சொல்லீருமுங்க.

அடிங்க சார். ம்... பரவால்லீங்க. சித்த வலப்பக்கம் போயிருச்சு, கெடைக்கும். ஆறுச்சாமி வந்த ஆட்டத்துல பந்து காணாமப் போனதுன்னு சரித்திரமே இல்லீங்க.

ஒண்ணு கேக்கட்டுங்ளா? உங்க போன்ல அகமதாபாத்துல நடக்கற ஆட்டமெல்லாம் வருமாமுங்களே. தகுதி ஆட்டமுங்க. இன்னைக்குக் கடைசி நாளு. மருதாசலம்னு போட்டிருக்குதான்னு பாருங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க. அவன் செயிச்சா எனக்கென்ன, தோத்தா எனக்கென்ன. சும்மா ஒரு இதுக்குக் கேட்டேன். முப்பத்திநாலாங்ளா? முதல் முப்பது பேருக்குத்தானுங்க அட்டை. இன்னும் எத்தன குழி பாக்கி? ஒம்போதா. சரி, உள்ள வைங்க.

அட்டைன்னா என்னன்னு கேக்கறீங்ளா? அது இருந்தாத்தானுங்க அடுத்த வருஷம் பூரா பெரிய ஆட்டத்துல ஆடலாம். இல்லாட்டி ஊட்டுல உக்காந்துட்டு டிவில பாக்கோணும். வருஷக் கடைசில முதல் அறுபது பேருக்குள்ள இருந்தா அட்டை தானா வரும். அறுபத்தொண்ணுக்கு வராது. அவனுக்கு இந்தத் தகுதி ஆட்டந்தான் கதி. போன வருஷம் எங்க மாப்ள அறுபத்தொண்ணுங்க! கேட்டுக்குங்க, அறுபத்தொண்ணு!

மாப்ளன்னா, என்ற தங்கச்சி வள்ளியாத்தாளத்தான் கட்டியிருக்கறான். அதுக்கு முன்னாலயே சிநேகிதமுங்க. பன்னண்டு வயசுல ரெண்டு பேரும் ஒரே நாளு இந்த கிளப்புல பை தூக்க வந்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே உயரம். பை எங்களவிட ஒசரம்.

எனக்குச் சீக்கிரம் பேரு வந்துருச்சுங்க. அப்ப ஒரு மில்லுக்காரரு வருவாரு. நல்ல மனுசன். ஆனா பந்த அடிச்சாருன்னா நேராக் காட்டுக்குள்ளதான். நான் முன்னால ஓடிருவேன். அவரு தொந்தியத் தூக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள பந்து எங்க கெடக்குதுன்னு பாத்து, பெருவெரலுக்கும் பக்கத்து வெரலுக்கும் நடுவுல கவ்வி, ரெண்டு எட்டு நடந்து, நல்ல புல்லு மேல வெச்சுட்டு, வானத்தப் பாத்துட்டு நிப்பேன். "இங்க இருக்குதுங்க ஐயா!" அவரு மொகத்தப் பாக்கோணுமே! "ஆறுச்சாமி, உனக்குக் கழுகுக் கண்ணுடா"ம்பாரு. அவருக்குத் தெரியுமா தெரியாதான்னா? ஒரு நாளைக்கு ஏழு தடவ காட்டுக்குள்ள போன பந்து ஏழு தடவையும் புல்லு மேல உக்காந்திருந்தா, ஐநூறு பேர வெச்சு மில்லு நடத்தறவருக்குத் தெரியாதுங்ளா? அவரு கேக்கல, நான் சொல்லல. அது ஒரு மரியாதைங்க. ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு நல்ல பாயா எடுத்துப் போடறதில்லீங்ளா, அந்த மாதிரி.

மருதாசலத்துக்குப் பாவம், அந்த வித்தை வரல. அவனுக்கு வெரலு வளையாது போல. பந்து முள்ளுக்குள்ள கெடந்தா, முள்ளுக்குள்ள கெடக்குதுன்னே சொல்லுவான். எந்தப் பெரிய மனுசனுக்குப் புடிக்கும்? அவனுக்கு வாச்சதெல்லாம் கஞ்சப் பார்ட்டிங்க. நான்தான் என்ற டீயில பாதிய ஊத்திக் குடுப்பேன்.

ஆனா ஆட்டம்னு வந்தா அவன் வேற சாதிங்க. திங்கக்கெழமை கிளப்புக்கு லீவு. அன்னைக்கு ஒரு நாளு மட்டும் பை தூக்கறவங்க ஆடிக்கலாம். ஒடஞ்ச மட்டை, மெம்பருங்க தூக்கிப்போட்ட மட்டை, எதாச்சும் ஒண்ண வெச்சு ஆடறதுதான். இவன் ஒரே ஒரு இரும்பு மட்டைய வெச்சுட்டுப் பதினெட்டுக் குழியும் ஆடுவான். தூரம், கிட்டம், மணலு, மேடு, எல்லாத்துக்கும் அந்த ஒண்ணுதான். வாயப் பொளந்துட்டுப் பாப்போம். இருபது வயசுல தொழில்முறையா எறங்கறேன்னான். பையத் தூக்க நான்னேன். அன்னைக்கு முதல் ஆட்டத்துக்கு முன்னால எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்: "மச்சான், உன்ற வெரலு மட்டும் என்ற பந்துகிட்ட வரக்கூடாது." சரின்னேன். இருபத்திரண்டு வருஷம் வரலீங்க. மருதமலை முருகன் மேல ஆணையா வரல.

இந்தப் பக்கம் வாங்க சார், அங்க சேறு.

இருபத்திரண்டு வருஷமுங்க! ரயிலுல பைக்கு ஒரு பெர்த்து, அவனுக்கு ஒரு பெர்த்து, நான் கக்கூசுப் பக்கம் துண்ட விரிச்சுட்டு. சண்டிகர்ல குளிரு, பல்லு கிட்டிச்சுப் போயிரும். கல்கத்தாவுல மழை. அந்தக் கோப்பை, போட்டோவுல பாத்தீங்களே, அது கல்கத்தாவுல மழைக்குள்ள செயிச்சதுங்க. கடைசிக் குழியில அவனுக்குக் கை நடுங்குச்சு. நான் அவன் காதுல, "மாப்ளே, இன்னைக்குத் திங்கக்கெழமைன்னு நெனச்சுக்க"ன்னேன். சிரிச்சான். உட்டான் உள்ள. அப்புறம் ஒரு பம்புசெட்டுக் கம்பெனிக்காரரு வந்து, அவர் கம்பெனி பேரு போட்ட தொப்பி குடுத்து, போகவர ஆகற செலவெல்லாம் பாத்துக்கிட்டாரு. வள்ளியாத்தா ஊடு கட்டினா. நாலஞ்சு வருஷம் ஓகோன்னு இருந்தோம்.

அப்புறம் வயசாச்சு. நாப்பதைத் தாண்டிட்டான். இப்ப வர்ற பசங்க பந்த அடிக்கறதில்லீங்க, வேட்டு உடறாங்க. இவனுக்குத் தூரம் கொறஞ்சுபோச்சு. அம்பதாவது எடம், அம்பத்தஞ்சு, அம்பத்தெட்டுன்னு எறங்கிட்டே வந்து, போன வருஷக் கடைசி ஆட்டத்துல வந்து நிக்குது. அன்னைக்கு அவன் அடிக்கற கணக்கு சரியா வந்தா அட்டை. ஒரே ஒரு அடி கூடிப்போனாலும் இல்ல. பம்புசெட்டுக்காரரு நேராவே சொல்லீட்டாரு, "தம்பி, அட்டை இருந்தாத் தொப்பி, இல்லாட்டி நாம சிநேகிதமா இருந்துக்கலாம்"னு. நான் ராத்திரி பூரா தூங்கல. அவன் நல்லாக் கொறட்டை உட்டுத் தூங்கறான்.

சார், இன்னொருக்காப் பாருங்களேன். முப்பத்தொண்ணா! எத்தன குழி பாக்கி? நாலு. நாலுல அவன் எதையாச்சும் பண்ணித் தொலைப்பான். இல்லீங்க, எனக்குப் படபடப்பெல்லாம் இல்ல. மேடேறினதுல மூச்சு வாங்குது, அவ்வளவுதான்.

கேளுங்க. அன்னைக்குப் பதினஞ்சு குழி வரைக்கும் எல்லாஞ் சரியாப் போச்சு. பதினாறுல அடிச்சான், பந்து வலப்பக்கம் மரத்துக்குள்ள போயிருச்சு. கூட ஆடினவங்க பந்து இடப்பக்கம். எல்லாரும் அக்கட்டால போய்ட்டாங்க. மாப்ள குனிஞ்சு பூட்ஸுக் கயித்தக் கட்டிட்டு இருக்கறான். நான் முன்னால போறேன். பாக்கறேன், ரெண்டு வேருக்கு நடுவுல, சந்துக்குள்ள போய் உக்காந்திருக்குது. அதுல மட்டைய வெச்சா மட்டையும் ஒடையும், கையும் ஒடையும். ஒரு அடி வீணாக்கி வெளிய எடுத்தாத்தான் உண்டு. ஒரு அடி போச்சுன்னா அட்டை போச்சு. அட்டை போச்சுன்னா வள்ளியாத்தா... நான் ஒண்ணும் யோசிக்கல சார். காலு தானாப் போச்சு. எல்லாரையும் மாதிரி ஷூவெல்லாம் போடறதில்லீங்க நானு, வெரலு வெளிய தெரியற வார்ச் செருப்புதான். பெருவெரலு லேசா ஒரு தள்ளு. எவ்வளவு தூரம்னு நெனைக்கறீங்க? ஒரு சாண்! வெறும் ஒரு சாணுங்க! அந்த மில்லுக்காரருக்கு நான் தூக்கி வெச்ச தூரத்த எல்லாஞ் சேத்தா மேட்டுப்பாளையம் போய்ச் சேந்திருக்கும். இவனுக்கு ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு சாண்.

வந்தான். பாத்தான். பந்துக்குக் கீழ நல்ல தரை. "அதிர்ஷ்டம் மாப்ளே"ன்னேன். அடிச்சான் பாருங்க ஒரு அடி! மரத்துக்கு நடுவுல புகுந்து, குழிகிட்டப் போய் நிக்குது. ஜனமெல்லாம் கை தட்டுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பதினேழு, பதினெட்டு ரெண்டையும் சுத்தமா முடிச்சான். அட்டை கைல வந்தாச்சு. அம்பத்தொம்போதாவது எடம்!

ஆட்டம் முடிஞ்சா ஒரு கூடாரத்துக்குள்ள உக்காந்து, எந்தக் குழிக்கு எத்தன அடின்னு எழுதியிருக்கறதச் சரி பாத்துக் கையெழுத்துப் போடோணுமுங்க. கையெழுத்துப் போட்டாச்சுன்னா முடிஞ்சுது, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. பேனாவ எடுத்தான். எடுத்தவன் போடல. வெளிய வந்தான். எங்கிட்ட வந்து நின்னான். "மச்சான், பதினாறுல பந்து எங்க கெடந்துச்சு?"

"நீ பாத்த எடத்துலதான்"னேன்.

அவன் என்ற மூஞ்சியப் பாக்கல சார். என்ற காலப் பாத்தான். அந்த மரத்தடிக்குத் தண்ணி உட்டிருந்தாங்க போல, கரிசல் மண்ணு. பெருவெரலு நகத்துல ஒட்டிக் காஞ்சிருக்குது. மத்த வெரலெல்லாம் சுத்தம். அதையே பாத்துட்டு நின்னான்.

"யாரு பாத்தா மாப்ளே? ஒரு காக்கா கூட இல்ல"ன்னேன்.

"நீ பாத்தே. இப்ப நானும் பாத்துட்டேன். ரெண்டு பேரு போதாதா?"ன்னான்.

உள்ள போய்ட்டான். நான் கூடாரத்துக்கு வெளிய நின்னு கேக்கறேன், ஆட்டத்த நடத்தற ரெஃப்ரிகிட்டச் சொல்றான்: "பதினாறுல எங்க பந்து நகந்துருச்சு. பொறுப்பு என்றது. ரெண்டு அடி சேத்திக்குங்க." அந்த ரெஃப்ரியே ரெண்டு தடவ கேட்டாரு, "நிச்சயமாத்தான் சொல்றீங்ளா?"ன்னு. தலைய ஆட்டறான். வெண்ணெ தெரண்டு வர்றப்பத் தாழிய ஒடைச்ச கதைங்க. ஒடைச்சது ஆரு? அவனேதான்! அறுபத்தொண்ணு!

இதுல எனக்கு எது ஆறவே மாட்டீங்குதுன்னா, அவ்வளவு பேசினவன் என்ற பேர ஒரு தடவ கூட எடுக்கல சார். "எங்க பந்து", "என்ற பொறுப்பு". அவ்வளவுதான். மறுநாள் பேப்பர்க்காரங்க கேட்டதுக்கும் அதேதான். ஆறுச்சாமின்னு ஒருத்தன் இருபத்திரண்டு வருஷமா இவன் கூட இருக்கறானேன்னு ஒரு வார்த்தை? ஒரு எழுத்து? போட்டோவுலதான் பாதித் தோளு மிச்சம், பேப்பர்ல அதுவும் இல்ல. "நேர்மை"ன்னு தலைப்புப் போட்டு ஒரு சின்னப் பொட்டிச் செய்தி. அத வெட்டி ஒட்டி வெச்சா வள்ளியாத்தா ஊட்டு அடுப்பு எரியுமுங்ளா? பம்புசெட்டுக்காரரு சொன்னபடி சிநேகிதமா இருந்துக்கிட்டாரு. எங்க மாப்ள பெங்களூர்ல வலை கட்டின மைதானத்துல கம்பெனி ஆளுங்களுக்கு மட்டை புடிக்கச் சொல்லிக் குடுக்கப் போயிட்டான். எனக்கு வயிறு எரியுதுங்க. இன்னைக்கு வரைக்கும் எரியுது.

அடிங்க சார். அய்யய்யோ. அது போயிருச்சுங்க காட்டுக்குள்ள. அந்த வேலா மரத்தடிக்குத்தான் போயிருக்கும், அந்த எடம் பூரா வேரும் குழியுந்தான். பரவால்லீங்க, நீங்க மெதுவா நடந்து வாங்க.

இருங்க, இத முடிச்சர்றேன். அந்தக் கூடாரத்து விசயம் நடந்து ஒரு வாரம் கழிச்சு வள்ளியாத்தாளயும் கூட்டிட்டு என்ற ஊட்டுக்கு வர்றான். கைல ஒரு பொட்டி. தொறந்தா ஷூ! மூடின ஷூ. தோலு மாதிரி, அடி இத்தன தடிமன், முன்னால கொளவிக்கல்லாட்ட இருக்குது. "மச்சான், இனி என்ற பையத் தூக்கறதா இருந்தா இதப் போட்டுட்டுத் தூக்கு. எல்லா எடத்துலயும். காட்டுக்குள்ள போறப்பவும் கழட்டக்கூடாது"ன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க? இத்தன வருஷம் அவனுக்காக முள்ளு மிதிச்ச காலுங்க இது! "என்ற காலு உனக்கு அசிங்கமாப் போச்சா? பெரிய பெரிய ஆளுங்க கூட நிக்கறப்ப மச்சான் காலு வெக்கமா இருக்குதா?"ன்னு கேட்டுப்போட்டேன். "அதுக்கில்ல மச்சான்"னான். "பின்ன எதுக்கு?"ன்னேன். என்ற தங்கச்சி சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாக்கறா. அவன் அவளப் பாத்தான், என்னப் பாத்தான், ஒண்ணுஞ் சொல்லாமப் பொட்டிய வெச்சுட்டுப் போய்ட்டான். சொல்லறதுக்கு என்ன இருக்குது? அசிங்கந்தான்! வேறென்ன?

அப்ப இருந்து அந்தப் பொட்டி பீரோ மேலதான் கெடக்குது. பல்லி முட்டை வெச்சிருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்காப் போன் பண்ணுவான். "மச்சான், பொட்டியத் தொறந்தியா?" இல்லைம்பேன். வெச்சுருவான். வேற பேச்சே கெடையாதுங்க. போன வாரம் அகமதாபாத்துக்குப் பொறப்படறப்பவும் கேட்டான், "தகுதி ஆட்டம் மச்சான், நீ வேணும். போட்டுட்டு வர்றியா?"ன்னு. ரோசம் இருக்குதுல்லீங்க? மாட்டேன்னுட்டேன். ஆரோ காலேஜுல படிச்சவனாமா, கைல நோட்டு, கண்ணுல கறுப்புக் கண்ணாடி, காலுல ஷூ, அவனக் கூட்டிட்டுப் போயிருக்கறான். அவனுக்கு என்ன தெரியும்? மாப்ளைக்குக் கை நடுங்கறப்ப என்ன சொல்லோணும்னு அந்த நோட்டுல எழுதியிருக்குதுங்ளா?

நீங்க அந்த மேட்டுல நில்லுங்க சார், நான் உள்ள போய்ப் பாக்கறேன். நிக்கற நேரத்துல அந்தப் போன ஒருக்கா... ஆமாங்க, முடிஞ்சிருக்கும்.

என்னங்க? சத்தமாச் சொல்லுங்க, காத்துல கேக்கல.

இருபத்தெட்டா? நல்லாப் பாத்தீங்ளா? மருதாசலந்தானுங்ளே? வேற ஆரும் அந்தப் பேருல இல்லீங்களே?

முருகா. முருகா! வாங்கிட்டான் சார்! அட்டைய வாங்கிட்டான்! சித்த நேரம் இந்த மரத்தப் புடிச்சுக்கறனுங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சந்தோசந்தானுங்க. எனக்கு வேற என்ன வேணும்? ஆனா பாருங்க, நானில்லாம வாங்கிட்டான். அந்தப் பை என்ற தோளுல இருந்திருக்கோணும் சார். இந்தத் தோளுல.

என்ற போனு அடிக்குதுங்க. அவந்தான்.

ம்... சொல்லு மாப்ளே... பாத்தேன். இங்க சாரு பாத்துச் சொன்னாரு... இருபத்தெட்டு... அட, அழுவாதடா... வள்ளியாத்தாகிட்டச் சொன்னியா?... ம்... ம்... எப்ப, அடுத்த மாசமா?... ஆரு, நானா?... அப்ப அந்தக் கறுப்புக் கண்ணாடி?... ஓகோ... நெசமாவா மாப்ளே?... வர்றேன்டா. வராம? இன்னைக்கு ராத்திரியே பொறப்படச் சொன்னாலும்... என்ன?... இல்ல, தொறக்கல... தொறக்கலைன்னுதான் சொல்றேன்... இன்னைக்கு மாதிரி நாள்லயும் அதத்தான் கேப்பியா நீ? மச்சான் வேணும், மச்சான் காலு மட்டும் வேண்டாமா? நீ முதல்ல என்ற காலப் பத்திப் பேசறத நிறுத்து!... யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வெய்யி.

பாத்தீங்ளா சார்? கேட்டீங்ளா நாயத்த? அடுத்த மாசத்துல இருந்து பை என்கிட்டத்தானாமா. ஆனா அந்த ஷூவப் போட்டாத்தானாமா. அவனுக்கு என்ற காலு மேல அப்படி என்னதான் கோவமோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, அவன் கெடக்கறான். நீங்க வாங்க சார், போன் பேசிட்டு இருக்கறப்பவே உங்க பந்து கெடச்சுப்போச்சு. இந்தா இருக்குது பாருங்க, வேரு கீரு ஒண்ணுமில்ல, பச்சைப் புல்லு மேல பூவாட்ட உக்காந்திருக்குது. உங்களுக்கு இன்னைக்கு நல்ல ராசிங்க. நேரா அடிச்சா கிரீனுல குழிகிட்டத்தான்.

அடிங்க சார். ஏனுங்க, பந்தப் பாக்காம என்ற காலையே பாத்துட்டு நிக்கறீங்க?